அப்பா எங்கே என்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளை வளர்க்கிறவர்களும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் மூன்று பேர். அக்கரைப்பற்றில் இருந்து காலையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறி தம்பிலுவிலில் இறங்கிப் படிப்பிக்கிற ஆசிரியர்கள். தம்பிலுவில் சைவ ஊர். கண்ணகி அம்மன் கோயில் சடங்கும் பக்கத்தில் திருக்கோவில் முருகன் கோயில் திருவிழாவும் வந்தால் பாடசாலையும் அந்தக் கணக்கில்தான் ஓடும். வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதில் ஒரு குடும்பத்துப் பிள்ளையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர், வகுப்பு, எந்த ஆண்டு என்பதெல்லாம் சொல்லமாட்டோம். தாயிடம் கேட்டு, அவர் “எழுதுங்க டீச்சர், வேற பிள்ளைகளுக்கு உதவட்டும்” என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

பிள்ளைக்கு எட்டு வயது. ஒருநாள் விடியற்காலையில் தகப்பனுக்கு நெஞ்சுவலி. வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செய்தி கேட்டு இன்னாலில்லாஹி சொல்லி, இடைவேளைக்குப் பிறகு அனுமதி எடுத்துக்கொண்டு மரண வீட்டுக்குப் போனோம். பெட்டியைச் சுற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் காணவில்லை. “சின்னப்பிள்ள, பயந்திரும்” என்று இரண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, டிவியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

இதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்களிலும் இதைத்தான் செய்கிறோம். எங்களில் ஜனாஸாவைத் தாமதிப்பதில்லை. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளை பின்னேரம் திரும்பி வரும்போது வாப்பா மையவாடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். பெண்பிள்ளை என்றால் அதுவும் இல்லை, சந்தூக்கு தெருவால் போவதைக்கூடச் சில பிள்ளைகள் பார்ப்பதில்லை.

பத்து நாள் கழித்துப் பிள்ளை பாடசாலைக்கு வந்தது. வந்த அன்றே எங்களில் ஒருவரின் சாரியைப் பிடித்துக்கொண்டு கேட்டது:

“டீச்சர், அப்பா கொழும்புக்கா போன?”

அந்த இடத்தில் எங்களுக்கு வார்த்தை வரவில்லை. டீச்சர் பிள்ளையைக் கட்டிப்பிடித்து, மனதில் வந்ததைச் சொன்னார்: “அப்பா ரொம்ப நல்லவர் எல்லா மகள். ஆண்டவருக்கு நல்ல ஆக்கள்ல விருப்பம். அதான் கூப்பிட்டுட்டார்.”

சுற்றி நின்ற நாங்களும் தலையாட்டினோம். அழகான பதில் என்றுதான் நினைத்தோம். வேதக்காரப் பிள்ளைக்கு அவர்களின் சொல்லிலேயே ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தியும் இருந்தது.

மூன்று கிழமை கழித்துத் தாய் பாடசாலைக்கு வந்தார். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. பிள்ளைக்கு ஒரு வயதில் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கோயிலுக்குக் கொண்டு போக வெளிக்கிட்டால் இந்தப் பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு கத்துகிறதாம். “தம்பியக் கொண்டு போகாதீங்க அம்மா. ஆண்டவருக்கு விருப்பம் வந்திரும்.” யாராவது “தம்பி நல்ல பிள்ளை” என்று சொன்னால், “இல்ல, அவன் கூடாத பிள்ள” என்று சொல்லி அவனை நுள்ளி அழ வைக்கிறதாம். இரவில் செபம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிறதாம்.

தாய்க்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் ஒளிக்கவில்லை. எங்கள் வாயால் வந்த சொல் என்று அவரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் அதத்தான் சொன்ன டீச்சர். நானும்தான் சொன்ன” என்றார்.

அடுத்த கிழமை அவர்களுக்கு மறைக்கல்வி படிப்பிக்கும் சிஸ்டர் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். தாய் எங்களையும் வரச் சொன்னார். பாயைப் போட்டு எல்லோரும் நிலத்தில்தான் இருந்தோம். சிஸ்டர் பிள்ளையை மடியில் ஏற்றவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து, பெரிய ஆளோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தார்.

“அப்பா கொழும்புக்குப் போகல்ல. அப்பா செத்துட்டார். அவர்ர இதயத்தில நோய் இருந்திருக்கு, அது நின்று போச்சு. நீ ஏதும் செய்ததால இல்ல. தம்பியாலயும் இல்ல. அப்பா நல்லவரா இருந்ததாலயும் இல்ல. நோயாலதான்.”

பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆண்டவர் அப்பாவப் பறிச்சுக்கொண்டு போகல்ல. அப்பா செத்த பிறகு அவரைத் தன்ர கையில ஏந்திக்கொண்டார் என்று நாங்க நம்புறம். ஒருநாள் காணுவம் என்றும் நம்புறம். ஆனா இப்ப அப்பா இல்ல. அது சரியான கவலை. அழலாம்.”

பிறகு லாசருவின் கதையைச் சொன்னார். எங்களுக்கும் அரைகுறையாய்த் தெரிந்த கதைதான். லாசரு இயேசுவின் நண்பர். செத்து நான்கு நாளான பிறகு இயேசு அந்த வீட்டுக்குப் போகிறார். அவரை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்கு முன்னமே தெரியும். என்றாலும் சகோதரிமார் அழுவதைக் கண்டதும் முதலில் அவரும் அழுகிறார். சிஸ்டர் பிள்ளையிடம் சொன்னது இதுதான்: “எழுப்பப் போறவரே அழுதவர் என்றால், நாங்க ஏன் அழக்கூடா?”

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை சத்தமாய் அழுதது. தாயும் சேர்ந்து அழுதார். அதுவரை தாய் பிள்ளைக்கு முன்னால் அழாமல் இருக்க வேண்டும் என்று குசினிக்குள் போய் அழுதுகொண்டிருந்திருக்கிறார். பிள்ளையோ அம்மாவுக்குக் கவலையே இல்லை என்று நினைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் மூவரும் கதைக்கவில்லை. அக்கரைப்பற்றுக்குக் கிட்ட வரும்போதுதான், பிள்ளைக்கு அந்தப் பதிலைச் சொன்ன டீச்சர் வாய் திறந்தார். அவர் மருதமுனையில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். அந்தக் காலையில் கடல் எங்கள் அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. இலங்கையிலேயே ஆகக் கூடுதலாகச் செத்தது எங்கள் மாவட்டத்தில்தான். அவருடைய உம்மாவும் அதில் ஒருவர். அவருக்கு அப்போது ஆறு வயது.

“எனக்கு உம்மா சவூதிக்குப் போயிருக்கா என்றுதான் சொன்னாங்க” என்றார். நம்பக்கூடிய பொய். தெருவில் எத்தனையோ உம்மாமார் அப்படிப் போயிருந்தார்கள். எயார்போர்ட் வேன் ஒன்று தெருவுக்குள் வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பாராம். இரண்டு வருஷம் பார்த்திருக்கிறார். பிறகு பாடசாலையில் ஒரு சண்டையில் இன்னொரு பிள்ளை சொல்லித்தான் தெரிய வந்தது: “உன்ட உம்மா கடல்ல போனவ.”

“எனக்குக் கடலில கோபம் வரல்ல. தெரிஞ்சும் சொல்லாத ஆக்களில்தான் கோபம் வந்தது. அப்படிப்பட்ட நானே இந்தப் பிள்ளைக்கும்…” என்று நிறுத்திவிட்டார்.

அன்று இரவு எங்களில் ஒருவர் வட்சப்பில் ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்தினார். எங்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகன் இப்ராஹீம், பால்குடி மறக்காத வயதில் மௌத்தானார். நபியவர்கள் அழுதார்கள். கூட இருந்தவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது, இது இரக்கம் என்று சொன்னார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் அவ்வளவாய் யோசிப்பதில்லை. அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று சனங்கள் கதைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு எவ்வளவு ஆறுதலான கதை! ஆனால் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று எழுந்து சொன்னார்கள்.

அழுகையை அவர்கள் அனுமதித்தார்கள். பொய்க் காரணத்தை அனுமதிக்கவில்லை.

சிஸ்டர் செய்ததும் அதுதான். எங்கள் தவறு எங்கே என்று எங்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது. காரணம் வேறு, நம்பிக்கை வேறு. காரணத்தை டொக்டர் சொன்னபடி சொல்ல வேண்டும். நம்பிக்கையை அவரவர் வேதம் சொன்னபடி சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து, நம்பிக்கையைக் காரணமாக்கிக் கொடுத்துவிட்டோம். அல்லாஹ்வின் நாட்டம் இன்றி எதுவும் நடக்காது என்பது எங்கள் ஈமான். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐம்பது வயது மனிதருக்கு ஆறுதலாய் இருக்கும் அதே சொல், எட்டு வயதுப் பிள்ளையின் காதில் வேறு மாதிரி விழும். அது இறைவனுக்குப் பயந்து தம்பியை ஒளித்து வைக்கும்.

அடுத்தது நினைவுத் திருப்பலி. தாய் எங்களையும் கூப்பிட்டார். பிள்ளையும் “கட்டாயம் வரணும்” என்றது. எங்களுக்குக் கால் வரவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து, பிள்ளைகள் முற்றத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அங்கே செத்த முப்பது பேரளவில் 14 பேர் சிறுவர்கள். நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைகளின் வயது. குண்டைக் கொண்டு போனவன் எங்கள் பெயரைப் போல ஒரு பெயர் வைத்திருந்தவன். அடுத்த ஞாயிறு நாட்டில் எங்கும் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்ததைச் சனங்கள் டிவியில் பார்த்தார்கள். சீயோன் சபையின் போதகர் ரொஷான் மகேசன், கோபமும் வேதனையும் இருக்கிறது, என்றாலும் மன்னிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதைக் கேட்டு எங்களுக்கு ஆறுதலாய் இருக்கவில்லை, தலை இன்னும் குனிந்தது.

இடையில் ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்தது. அங்கேயும் ஆறு சிறுவர்கள் செத்தார்கள். பெரியவர்கள் செய்த பாவத்துக்குள் அடைபட்டுச் செத்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வெளியில் விட எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை. அழுதால் யாருக்காக அழுகிறாய் என்று கேட்பார்கள் என்ற பயம். துக்கத்தை அடைத்து வைத்தால் எப்படி இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரிந்தது. மே மாதம் பாடசாலை திறந்தபோது பிள்ளைகளிடம் இதில் எதையும் நாங்கள் கதைக்கவில்லை. பாடத்தைத் தொடங்கிவிட்டோம்.

எங்களுக்கு ஒரு கடனும் இருந்தது. கொரோனாக் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்ய விடுங்கள் என்ற கோரிக்கையையும் சேர்த்துக்கொண்டு, 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய பேரணி பொலிகண்டி வரை போனது. இதே வீதியால்தான் போனது. அதில் சைவக் குருமாரும் கிறிஸ்தவக் குருமாரும் நடந்தார்கள். எங்கள் மையித்துக்காக நடந்தவர்களின் மரண வீட்டுக்கு நாங்கள் போகாமல் இருக்கலாமா?

போனோம். வாசலில் பைகளைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். 2019க்குப் பிறகு அப்படித்தான். நின்றவர் எங்கள் தலைத்துணியைக் கண்டு ஒரு நிமிஷம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் எங்களுக்குக் கோபம் வரவில்லை. அப்போது அந்தப் பிள்ளை உள்ளே இருந்து ஓடி வந்து, “இவங்க எங்கட டீச்சர்மார்” என்று கையைப் பிடித்தது.

நாங்கள் வழிபாட்டில் சேரவில்லை. எங்கள் அகீதா எங்களுக்கு. தாய்வாரத்துப் பக்கம் மரியாதையாய் நின்றோம். அதை அவர்களும் விளங்கிக்கொண்டார்கள். (இதற்காக எங்களைக் கண்டித்துக் கருத்திடப் போகிறவர்கள் தாராளமாய் இடலாம். அழுகிற ஒரு பிள்ளை கூப்பிட்டது, போனோம்.) தகப்பனின் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். பிள்ளை ஒரு மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு போய் வைத்தது. அதற்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அது முக்கியம் என்று நினைக்கிறோம். அடக்கத்தன்று டிவிக்கு முன்னால் இருத்தப்பட்ட பிள்ளைக்கு, அன்று தன் அப்பாவுக்காக ஒரு வேலை கிடைத்தது. நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றியதாகவும் பிறகு வந்து சொன்னது. “தம்பியும் வந்தான்” என்றது.

மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகம் என்ற இயேசு சபைத் துறவியும் போல் ஹோகன் என்ற கனடாக் கலைஞரும் சேர்ந்து தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாய் வந்து, களிமண்ணிலும் நிறத்திலும் விளையாட்டிலும் கதையிலும் மனதில் கிடந்ததை இறக்கி வைத்தார்கள். பிள்ளைகள் பெரியவர்கள் மாதிரி இருந்து அழுவதில்லை. கொஞ்சம் அழும், எழும்பி விளையாடப் போகும், திரும்ப வந்து கேட்கும். விளையாடுவதைக் கண்டு “மறந்துட்டுது” என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். மறப்பதில்லை.

இந்த ஒரு பிள்ளையிடம் நாங்கள் படித்ததைச் சுருக்கமாய்ச் சொல்கிறோம். எந்த மதத்து வீட்டுக்கும் பொருந்தும்.

செத்துட்டார், மௌத்தாகிட்டார் என்ற சொல்லையே சொல்லுங்கள். தூங்குகிறார், வெளிநாடு போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு வயதுக்குட்பட்ட பிள்ளை செத்தவர் திரும்பி வருவார் என்றுதான் நினைக்கும். நூறு தரம் கேட்டாலும் அதே உண்மையை நூறு தரமும் பொறுமையாய்ச் சொல்லுங்கள்.

உன்னால் நடக்கவில்லை என்று பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வாப்பாவோடு கோபித்த அன்றுதான் வாப்பா மௌத்தானார் என்றால், பிள்ளை அதைக் காலமெல்லாம் மனதில் வைத்திருக்கும்.

முகம் பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். ஓம் என்றால், என்ன காணப்போகிறாய் என்று முன்னமே சொல்லி, ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

மூத்த ஆண்பிள்ளையிடம் “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிள” என்று சொல்லாதீர்கள். அவனுக்குப் பத்து வயது. சோறு யார் தருவார், பாடசாலைக்கு யார் கொண்டு விடுவார் என்றுதான் அவன் உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பான். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு: பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வருவதற்கு முன்னம் மற்றப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். வேறு மதத்துப் பிள்ளையின் துக்கத்துக்கு எங்கள் வாயால் இறைவனைப் பற்றிப் பதில் கட்டாமல், “அம்மா என்ன சொன்னா? சிஸ்டர் என்ன சொன்னா?” என்று கேட்டு, அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். கிழமைக்கணக்கில் பிள்ளை சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் இருந்தால், பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் காட்டத் தாயோடு கூடப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் மருதமுனை டீச்சர் போன விடுமுறையில் தன் வீட்டுக்குப் போனபோது, இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தரம் தன் மாமியிடம் கேட்டிருக்கிறார், உம்மாவை எங்கே அடக்கினீர்கள் என்று. மாமி அழுதுகொண்டு இடத்தைச் சொன்னாராம். இவ்வளவு நாளும் நீ கேட்பாய் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றும் சொன்னாராம்.

அந்தப் பிள்ளை இப்போது நன்றாய்ப் படிக்கிறது. சில நாள் வகுப்பில் சும்மா இருக்கும்போது கண் நிறையும். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை, பக்கத்தில் போய் நிற்போம். போன மாதம் ஒருநாள் அதுவாகக் கேட்டது:

“டீச்சர், எங்கட ஆண்டவர் அழுதவர். உங்கட நபியும் அழுதவரா?”

ஓம் மகள் என்றோம். அவருடைய மகன் மௌத்தான அன்று அழுதார் என்றோம்.

“மகன்ர பேரென்ன?”

“இப்ராஹீம்.”

தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டது.

மரணத்தைக் கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இறைவன் மனஅமைதியைத் தரவேண்டும். உங்கள் துஆவிலும் செபத்திலும் பிரார்த்தனையிலும் அந்தப் பிள்ளையையும் அதன் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிற ஓர் உண்மை இருந்தால், இன்றைக்கு இரவு பக்கத்தில் இருத்திச் சொல்லிவிடுங்கள்.